சீனமொழிக் கற்பித்தலில் உறவுமுறைச் சொற்கள்: தமிழ்வழி அணுகுமுறை

முன்னுரை

ஒரு மொழியை அயல்மொழியாகக் கற்பிக்கும்போது, அம்மொழி பேசும் சமூகத்தின் உறவு நெறிகளையும் உடன் கற்பிக்க வேண்டியுள்ளது. 1871இல் லூயிஸ் ஹென்றி மார்கன் வெளியிட்ட உறவுமுறை ஆய்வு நூலில் தமிழ், சீனம் ஆகிய இரண்டின் உறவுமுறைகளும் இடம்பெற்றுள்ளன. ஆங்கில விளக்கம் கொண்ட பாடநூல்களின்வழிச் சீனம் கற்கும் தமிழ் மாணவர்க்கு இவ்விரு முறைகளின் ஒப்பீடு எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒத்த கூறுகள்

சீனத்தில் அண்ணன் 'கெகெ', தம்பி 'திதி', அக்காள் 'ஜியெஜியெ', தங்கை 'மெய்மெய்' எனப்படுவர். பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷு', தாய்மாமன் 'ஜியூஜியு', அத்தை 'கூகு' ஆவர். மூத்தோர் இளையோர் வேறுபாடும் தந்தைவழி தாய்வழி வேறுபாடும் இரு மொழிகளிலும் உள்ளன. ஆங்கிலமோ முதல் நால்வரைப் பிரதர், சிஸ்டர் என்னும் இரு சொற்களிலும், அடுத்த மூன்று ஆடவரை அங்கிள் என்னும் ஒரே சொல்லிலும் அடக்குகிறது. எனவே, மாணவர் தம் தாய்மொழியில் முன்பே அறிந்த வேறுபாட்டை ஆங்கில விளக்கத்தில் இழந்து, பின்னர் அதனைப் புதியதாகக் கற்க நேர்கிறது.

வேறுபடும் கூறுகள்

ஆயினும், தமிழ்வழி விளக்கம் எல்லா இடத்தும் பொருந்துவதில்லை. தமிழில் பெரியப்பா, சித்தப்பா மக்களும் பெரியம்மா, சித்தி மக்களும் உடன்பிறப்புகளாகவே கருதப்படுவர். மாமன், அத்தை மக்கள் மணமுறை உறவினர். சீனத்தில் தந்தையின் உடன்பிறந்த ஆடவர்தம் மக்கள் மட்டும் 'தாங்' என்னும் அடைமொழி பெறுவர். ஏனைய மூவகையினரும் 'பியாவ்' எனப்படுவர். 'தாங்' என்பது கூடத்தையும் 'பியாவ்' என்பது வெளிப்புறத்தையும் குறிக்கும் சொற்கள். தந்தைவழிக் குடியே இப்பகுப்பின் அடிப்படை. தமிழ்ப் பகுப்பிற்கு மணஉறவு அடிப்படை. மாமன் மகளை மணத்தல் தமிழரிடையே வழக்கிலிருக்க, சீனாவின் 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அத்தகைய மணத்தைத் தடைசெய்தது. தமிழில் மாமனாரும் 'மாமா' என்றே அழைக்கப்படுவதுபோல், சீனத்தில் 'ஜியூஜியு' என்னும் சொல் மாமனாரைக் குறிப்பதில்லை.

அயலாரை அழைத்தலிலும் வேறுபாடு உண்டு. தந்தை வயதுடைய அயலவரைத் தமிழ்க் குழந்தை 'மாமா' என்றழைக்கும். சீனக் குழந்தை 'ஷூஷு' என்றழைக்கும். 'மாமா' என்பதற்கு நேராக 'ஜியூஜியு' என மாணவர் அயலவரை விளித்தால், அது மெய்யான தாய்மாமன் உறவையே சுட்டும்.

முடிவுரை

தமிழ் மாணவர்க்கு வயதுநிலைச் சொற்களைத் தமிழ்வழி நேரடியாகவும், 'தாங்', 'பியாவ்' பகுப்பைக் குடிவழிப் படத்தின் துணையுடனும், அயலாரை விளிக்கும் சொற்களை உரையாடற் பயிற்சியின் மூலமும் கற்பித்தல் தகும். தாய்மொழி துணைநிற்கும் இடத்தையும் வழிதவறச் செய்யும் இடத்தையும் ஆசிரியர் பிரித்தறிதல் இதற்கு இன்றியமையாதது.