வாழ்க்கைக்கும் ஓர் ஐந்தொகை



மார்ச் 31 நெருங்கிவிட்டால் நம் கடைகளில் எல்லாம் சரக்கு இருப்பு எடுக்கிறோம். புளி எத்தனை சிப்பம், எண்ணெய் எத்தனை டின், கிழிந்த சாக்கில் சிந்தியது எவ்வளவு என்பது வரை எழுதுகிறோம். வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி ஐந்தொகை போடுகிறோம். ஆனால் அந்த ஓராண்டு நாம் எப்படி வாழ்ந்தோம் என்று எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை. அதிகாலையில் ஷட்டரைத் தூக்குகிறோம், இரவு பத்து மணிக்கு இறக்குகிறோம். வயது அறுபதைத் தாண்டிய பிறகு, "இவ்வளவு ஓடியும் மனதுக்கு நிறைவு இல்லையே" என்கிறோம்.

வருமானம் குறைந்ததால் வந்த குறை அல்ல இது. எதற்காக வாழ்கிறோம் என்று நாம் நினைக்கிறோமோ அது ஒரு பக்கமும், அன்றாடம் நாம் செய்வது வேறொரு பக்கமுமாக இருப்பதால் வந்த குறை. இதைப் பற்றி எங்கள் அனுபவத்தில் கண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கொள்கை எது, பேச்சு எது?

நம் தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர், நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். இரண்டும் ஒரே கல்லாவில் இருக்கும் வரை சிக்கல் இல்லை. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டும் என்ற நாள் வரும்போதுதான் நம்மிடம் இருப்பது கொள்கையா, வெறும் பேச்சா என்பது தெரியும். நமக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு வைக்காத கொள்கையை இன்னும் நாம் சோதித்துப் பார்க்கவில்லை என்றே பொருள்.

எங்கள் பருப்பு மண்டியில் நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து, பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதி வைத்திருந்தோம். எடை குறையக் கூடாது. தட்டுப்பாட்டிலும் வாடிக்கைக் கடைக்காரருக்கே முதல் சரக்கு, லாபம் வழக்கம்போல. வேலையாட்களை வீட்டுப் பிள்ளைகளாக நடத்த வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாற்பது வரி எழுதினால் நினைவில் நிற்காது என்பதால் நான்கோடு நிறுத்திக்கொண்டோம்.

விலை கொடுத்த நாள்

2015ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது. ஆண்டின் தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாய்க்குள் இருந்த துவரம் பருப்பு, அக்டோபரில் இருநூறை எட்டியது. எங்கள் கிடங்கில் பழைய விலைக்கு வாங்கிய சரக்கும் இருந்தது. வெளியூர் ஆட்கள் ரொக்கத்தோடு வந்து, "மொத்தமாகக் கொடுங்கள், சொன்ன விலை தருகிறோம்" என்றார்கள். அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் இல்லை.

பழைய விலைக்கே விற்றால் அடுத்த லோடு வாங்க முதல் இருக்காது. சந்தை விலைக்கு விற்றால் எழுதி வைத்த வரிக்கு அர்த்தம் இருக்காது. கடைசியில் இரண்டு சரக்குக்கும் சராசரி போட்டோம். புரிவதற்காக ஒரு கணக்கு சொல்கிறோம். 50 கிலோ மூட்டை 4,500 ரூபாய் வீதம் 60 மூட்டை, 8,000 ரூபாய் வீதம் 40 மூட்டை என்றால் நூறு மூட்டைக்கும் சராசரி அடக்கம் 5,900 ரூபாய். அதன்மேல் வழக்கமான லாபம் மட்டும் வைத்து, வாரம் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை எடுக்கும் கடைக்காரர்களுக்கே கொடுத்தோம்.

இதனால் பெரிய லாபம் வந்தது என்று கதை சொல்ல வரவில்லை. அந்த ஆண்டு எங்கள் லாபம் குறைவுதான். எங்களிடம் வாங்கியவர்களில் சிலர் சந்தை விலைக்கே விற்றார்கள் என்பதும் தெரியும். நம் கொள்கை நம்மைத்தான் கட்டும், அடுத்தவரைக் கட்டாது. ஆனால் இன்றும் அந்தப் பேரேட்டைப் புரட்டும்போது கை கூசுவதில்லை.

தவறிய இடம்

இத்தோடு நிறுத்திவிட்டால் அது தற்புகழ்ச்சி ஆகிவிடும். மூன்றாவது வரியையும் பார்க்க வேண்டும்.

2021இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று விதித்தது. அதன் பிறகுதான் நாங்கள் நான்கு ஸ்டூல் வாங்கிப் போட்டோம். எங்களிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் சரக்கு நிறுத்துப் போட்டவர் ஒருவர். இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே போட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

லட்சக்கணக்கில் வந்த ஆசையை வென்ற நாங்கள், சில நூறு ரூபாய் ஸ்டூலில் தோற்றோம். காரணம் கஞ்சத்தனம் அல்ல. எழுதினோமே தவிர, எழுதியதை எடுத்துப் பார்க்கவில்லை. பெரிய சோதனை கதவைத் தட்டிக்கொண்டு வரும். சின்னச் சோதனை தினமும் கண் முன்னால் நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

செய்து பார்க்க வேண்டியவை

1. உங்களுக்கு எது முக்கியம் என்பதை மூன்று அல்லது நான்கு வரிகளில் எழுதுங்கள். ஊர் மெச்சுவதை எழுதாதீர்கள். எதை விட்டுவிட்டால் உங்களுக்கே வெட்கமாக இருக்குமோ அதை எழுதுங்கள்.

2. மாதம் ஒரு நாள், கணக்கு முடிந்ததும், ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த மாதம் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் இடத்தைக் காலியாகவே விடுங்கள். அந்தக் காலி இடமே உங்களுக்குப் பாடம் சொல்லும்.

3. காலியாக இருக்கும் வரியில் மறுநாளே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றைத் தொடங்குங்கள். ஒரு ஸ்டூல் வாங்குவதாக இருக்கலாம். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவதாகவும் இருக்கலாம்.

4. வீட்டாரிடமும் வேலையாட்களிடமும் ஆண்டுக்கு ஒரு முறை, "நாங்கள் சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். நம் கணக்கை நாமே தணிக்கை செய்தால் போதாது.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். நேற்று வரை சரியாகக் காட்டிய தராசும் நமக்குத் தெரியாமலே பிசகிவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. மனத்தராசும் அப்படித்தான் பிசகும். அதற்கு முத்திரை போட எந்த அதிகாரியும் வரமாட்டார். நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

வரும் மார்ச் 31 அன்று கடைக்கு ஐந்தொகை போடும்போது, கடைசிப் பக்கத்தில் இன்னொரு ஐந்தொகையும் போடுவோம்.

வளர்க வணிகம்! வாழ்க நாணயம்!