ஊசி போட்டுக் கறந்த பால்

கன்றை இழந்த பசு பாலை எக்கிக்கொள்ளும்பொழுது, வைக்கோல் திணித்த தோற்கன்றை அதன் முன் நிறுத்திக் கறந்த வழக்கம் அருகி, அவ்விடத்தில் ஆக்ஸிடோசின் ஊசி வந்து சேர்ந்ததிலிருந்து, அந்தப் பாலைக் குடிப்பதனால்தான் பெண் குழந்தைகள் இளம் வயதிலேயே பெரியவளாகிவிடுகிறார்கள் என்னும் அச்சம் வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. தாய்மார்களின் கவலை மதிக்கத்தக்கது. அவர்கள் கூறும் காரணம் பிழையானது.

ஆக்ஸிடோசின் பசுவின் சரீரத்துக்கு அந்நிய வஸ்துவன்று. கன்று மடியை முட்டிக் காம்பைச் சப்பியதும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து இரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் மடியை அடைந்து, பால் ஊறும் நுண்ணறைகளைச் சூழ்ந்த அணுக்களை இறுகச்செய்து, பாலைக் காம்புக்கு இறக்குவது அதுவே. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது. அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-இல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. வேலை முடிந்தபின் அது உடலில் தங்குவதில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் அச்சரத்தை அறுத்துப்போட, சில நிமிஷங்களில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகி, அப்பாதியும் பாதியாகி, விரைவில் ஒடுங்கிவிடுகிறது. சிதையாமல் மூத்திரத்தோடு வெளியேறுவது மிகச் சொற்பம். ஊசிவழிப் புகுந்த மருந்துக்கும் இதே கதிதான். பாலில் சிறிது கலந்ததென்றே வைத்துக்கொண்டாலும், பருப்பின் புரதத்தைச் செரிக்கும் அதே நொதிகள் நம் குடலில் இதையும் செரித்துவிடுகின்றன; பிரசவ அறையில் இந்த மருந்தை வாய்வழி கொடாமல் நரம்பில் ஏற்றுவதும், தசையில் போடுவதும் இதனால்தான்.

பூப்பைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனோ வேறு குலம். கொலஸ்டிராலிலிருந்து பிறக்கும் அதை, நீரில் எளிதில் கரையும்படி வேறொரு பொருளோடு பிணைத்து, மூத்திரத்திலும் பித்தநீரிலும் கல்லீரல் வெளியேற்றுகிறது. ‘ஹார்மோன்’ என்ற பொதுப்பெயரைக் கேட்டு, இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே இந்தப் பிரமைக்கு மூலம்.

இவ்வளவும் சொன்னது ஊசிக்குப் பரிந்து அன்று. வேளைதோறும் ஊசி குத்தப்படும் பசு, நாளடைவில் அது இல்லாமல் பாலிறக்க மறுக்கிறது. அதன் வலியை நாம் பேசுவதேயில்லை. பால் பெருக்குவதற்காகப் பசுவின் நலனுக்குத் தீங்கான ஊசி போடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஆகவே பால்காரரிடம் ஊசி வேண்டாமென்று தாராளமாகச் சொல்லுங்கள். அதைப் பசுவின் பொருட்டுச் சொல்லுங்கள்.