கூலியைக் கேளுங்கள், கையைப் பாருங்கள்

வெள்ளைக்காரர் காலத்தில் நம் வட்டாரத்துச் சனங்கள் என்ன தொழில் செய்து பிழைத்தார்கள் என்று ஆய்வு செய்யும் மாணவர்களுக்குத் திருப்பூர் பக்கத்து நெருப்பெரிச்சலில் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். பெரும்பாலும் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் கோவை வட்டாரத்தைச் சுற்றி எழுதியது 1807-ல் அச்சானது. நிக்கல்சனின் கோவை மாவட்டக் கையேடு 1887-ல் வந்தது. பயிர், தறி, வரி எல்லாம் கிடைக்கும். ஆனால் இரண்டுமே ஆட்சி நடத்துபவர்களுக்காக எழுதப்பட்டவை. நூல் நூற்றவள் தன் வாயால் சொன்னது அவற்றில் அரிது.

அதற்குப் பெரியவர்களிடம்தான் போக வேண்டும். “அந்தக் காலத்து வாழ்க்கை எப்படீங்க ஆத்தா?” என்று ஒரு மாணவி கேட்டாள். “கஷ்டந்தான் சாமி” என்றதோடு பேச்சு நின்றது. “ராட்டைல பஞ்சை எந்தக் கையிலீங்க புடிப்பீங்க?” என்றதும் தொண்ணூறைத் தாண்டிய அந்த ஆத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கை இல்லாத ராட்டையைச் சுற்றியது. இடது கை நூலை இழுத்தபடி தோளுக்குப் பின்னால் போய், கதிரில் சுற்றவிட்டுத் திரும்பியது. கை ஓட ஓடப் பேச்சும் வந்தது: நூலைச் சிட்டமாகச் சுற்றியது, கொண்டுபோய்க் கொடுத்தது, காசு வாங்கியது.

கூலியைக் கேட்கும்போது அணாக் கணக்கோடு விடாதீர்கள். “அந்தக் காசுக்கு எத்தனை வள்ளம் கம்பு வரும்?” என்று கேளுங்கள். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. வயிறு நிறைந்ததா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்ததுதான்: நூற்பவர்களுக்குப் பிழைப்புக்குப் போதுமான கூலி வேண்டும் என்று காந்தி வற்புறுத்தி, 1935-ல் அகில பாரத சர்க்கா சங்கம் அதை ஏற்றது. கதர் வேலையில் திருப்பூர் அப்போது முன்னணியில் இருந்தது. பீஸ் ரேட்டில் தைக்கும் அம்மாவைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். அதனால்தான் இந்த ஆய்வை இவர்களே செய்ய வேண்டும் என்கிறேன்.

ஆண்களிடம், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்ததைக் கேளுங்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு தோட்டங்களில் மோட்டார் பரவியதும் மாடும் வடமும் தோல் சாலும் ஒதுங்கின. சால் தைத்தவர் யார், அவருக்குக் காசா தானியமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். அன்றைக்கு இரவே எழுதி, ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். விட்டுப்போனதைப் பேரப்பிள்ளைகள் கேட்டுச் சேர்த்துவைப்பார்கள்.