கங்கம்மா வாரத்தில் திருப்பதி: மலையேறாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பதி வரை போய்விட்டு மலையேறாமல் திரும்புவதா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். மே மாதத்தில், ஊர் அம்மனான கங்கம்மாவின் ஜாத்திரை நடக்கும் வாரத்தில், பெருமாளை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தில் தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று வருகிறவர்கள் மலையில் கம்பார்ட்மென்டுக்குள் அடைபட்டு, கீழே தெருவில் போகும் வேஷங்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போய்ச் சேருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து சப்தகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வேலூர்க்காரர்களுக்குச் சித்தூர் வழியாகப் பேருந்து. அறையை மட்டும் முன்கூட்டியே, தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் பிடியுங்கள். கடைசி நாளில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆட்டோவை நம்ப முடியாது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது தேதியில். ஜாத்திரை ஒருநாள் சமாச்சாரம் இல்லை, ஒரு வாரம். சித்திரை முடியும் சமயத்தில் ஒரு செவ்வாய் இரவு தொடங்கி, அடுத்த செவ்வாய் இரவு விடியும்போது முடியும். தொடக்கம் 2023இல் மே 9, 2024இல் மே 14, 2025இல் மே 6. ஆக, ஏப்ரல் கடைசியிலேயே அந்த ஆண்டின் தேதியை விசாரித்துவிடுங்கள். செய்தித்தாளில் 'ஜாத்திரை' என்று போடுவது கடைசிச் செவ்வாயைத்தான். அதைப் பார்த்து அன்று காலை வந்து, வெயிலில் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, மாலை ரயிலைப் பிடிக்கிறவர்கள் கூட்டத்தை மட்டும் பார்த்தவர்கள்.

முதல் செவ்வாய் இரவு நடப்பது சாட்டிம்பு, அதாவது தண்டோரா. கங்கம்மா பிறந்த ஊராகச் சொல்லப்படும் அவிலாலாவிலிருந்து பிறந்த வீட்டுச் சீர் வந்து சேரும். சாட்டிம்பு ஆனபின் ஜாத்திரை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது உள்ளூர் நம்பிக்கை. உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இரவு அங்கே இருந்துவிட்டு வியாழக்கிழமை மூட்டை கட்டினால் பெரியம்மா முகம் சுருங்கும். முழு வாரம் இருக்க முடியாதவர்கள் புதன்கிழமைக்குப் பிறகு வந்து இறங்குவதுதான் நல்லது.

இனி வேஷங்கள். கதை தெரியாமல் பார்த்தால் சாயம் பூசிய கூட்டமாகத்தான் தெரியும். ஊர்ப் பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனை ஒழிக்கக் கங்கம்மா கிளம்புகிறாள். அவன் பயந்து ஒளிந்துகொள்ள, அவள் நாளுக்கு ஒரு வேஷத்தில் தேடுகிறாள். புதன் பைராகி: உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டி. வியாழன் பண்ட வேஷம்: குங்குமச் சிவப்பு. வெள்ளி தோட்டி: கரி. சனி தொர (துரை) வேஷம்: சந்தனமும் வேப்பிலையும். அந்தத் துரையின் கையால்தான் பாளையக்காரன் தலை போகிறது. ஞாயிறு மாதங்கி; கணவனை இழந்து நிற்கும் பாளையக்காரனின் மனைவிக்கு ஆறுதல் சொல்ல வருகிறாள். திங்கள் சுண்ணாம்புப் புள்ளி வைத்த பானைகள், சுன்னபு குண்டலு.

இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் சனி, ஞாயிறு. இதில் பேரம் கிடையாது. கொன்றவளே மறுநாள் துக்கம் கேட்கப் போவதைப் போல ஒரு கட்டம் நம் பக்கத்துத் தெருக்கூத்திலும் அபூர்வம். அம்மன் சார்பில் முக்கிய வேஷங்களைக் கட்டுவது பரம்பரை உரிமையுள்ள கைகால குடும்பத்தார். அவர்கள் வீடு வீடாகப் போவார்கள். எனவே கோயில் வாசலில் இடிபடாதீர்கள். பழைய தெரு ஒன்றில், ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்து நிற்கும் ஒரு வீட்டுத் திண்ணையோரம் இடம் கேட்டு நில்லுங்கள். வேஷம் உங்களைத் தேடி வரும்.

வெள்ளிக்கிழமை நல்ல சட்டை வேண்டாம், கரி ஒட்டும். முதல் சில நாட்களில் வேஷக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், பச்சையாகவே. அதுவும் நேர்த்திக்கடனில் சேர்த்தி. திருப்பித் திட்டாதீர்கள், முறைக்கவும் வேண்டாம். குழந்தைகளுக்குத் தெலுங்கு புரியும் என்றால் அது உங்கள் பாடு.

ஜாத்திரைக் காட்சி உள்ள 'புஷ்பா 2' படம் வந்த பிறகு புடவை கட்டிய ஆண்களைப் படம் பிடிக்கவே ஒரு கூட்டம் வருகிறது. புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு நிற்கிறவர் வேண்டுதலுக்காக நிற்கிறார். கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மனைவியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள்.

கடைசிச் செவ்வாய் இரவுதான் கஷ்டமான கட்டம். பகலில் பொங்கல் வைக்கிற கூட்டம். பெரிதாக ஒன்றும் தவறிப்போகாது, அறையில் மின்விசிறிக்குக் கீழே தூங்குங்கள். திருப்பதியில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நள்ளிரவுக்கு முன்பே கோயிலுக்குப் போய்விடுங்கள். கோயில் முன்னால் களிமண்ணில் அம்மனின் பிரம்மாண்டமான முகம் எழும். அதுதான் விஸ்வரூபம். விடிவதற்குச் சற்று முன் பேரண்டாலு (சுமங்கலி) வேஷம் வந்து, அந்த முகத்தின் கன்னத்திலிருந்து மண்ணைப் பெயர்க்கும். அடுத்த நிமிடம் முகம் இருக்காது. அந்த மண்ணுக்காகக் கூட்டம் பாயும். அதை மருந்தாக வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

நிற்க வேண்டிய இடம்: முகத்துக்கு நேர் எதிரே கூடவே கூடாது. பக்கவாட்டில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி. கைக்குழந்தை, தோள்பை, கழன்றுவிடும் செருப்பு மூன்றும் வேண்டாம். மண் வேண்டும் என்று நீங்கள் பாயத் தேவையில்லை. கை நிறைய அள்ளி வந்தவரிடம் கேளுங்கள், ஒரு சிட்டிகை கிள்ளித் தருவார்.

நடுவில் உள்ள மாலைகளைச் சங்கீதத்துக்கு ஒதுக்கலாம். அன்னமாச்சாரியார் ஜயந்தி வைசாகப் பௌர்ணமி. சில ஆண்டுகள் ஜாத்திரை வாரத்திலேயே விழும். 2025இல் மே 12, அதாவது சுன்னபு குண்டலு நாள். ஜயந்தியை ஒட்டிக் கீழ்த் திருப்பதியில் அன்னமாச்சார்ய கலாமந்திரத்திலும் மஹதி அரங்கத்திலும் தேவஸ்தானம் கச்சேரிகள் வைக்கும். சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்காருங்கள், பின்வரிசையில் பேச்சு அதிகம். பூர்ணகும்பம் சந்திப்பில் எம்.எஸ். சுப்புலட்சுமி சிலை இருக்கிறது, போகிற வழியில் ஒரு பார்வை. அன்னமாச்சாரியார் பாட்டு தமிழ் வீடுகளுக்கு வந்ததில், தேவஸ்தானத்துக்காக எம்.எஸ். பாடிய பாலாஜி பஞ்சரத்ன மாலைக்குப் பெரிய பங்கு உண்டு.

சாப்பாடு: காலையில் இட்லி தேடி அலையாதீர்கள், எங்கும் கிடைக்கும். மதியம் ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிப் புலுசும். வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் களி புதிதல்ல. மற்றவர்களுக்கு ஒரு சொல்: மெல்லாதீர்கள். சின்ன உருண்டையாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். சைவர்கள் புலுசுக்குப் பதில் வேர்க்கடலைப் பச்சடி கேட்கலாம். என் ஓட்டு அதற்கும் உண்டு. வழியில் அம்பலி, அதாவது கூழ் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அந்த வெயிலுக்கு அதுதான் சரி. சித்தூர்ப் பக்கம் மாம்பழம் வாங்கினால் பெனிஷா வாங்குங்கள். மலை மலையாகக் குவித்திருக்கும் தோத்தாபுரி முக்கால்வாசி பழக்கூழ் ஆலைக்குப் போவது.

ஊர் திரும்பும் வேலூர்ப் பக்கத்தார் கையில் ஒரு நாள் மிச்சம் இருந்தால், வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. 2025இல் திருப்பதியில் மண்முகம் உடைந்தது மே 14 விடியலில்; மறுநாளே குடியாத்தத்தில் அம்மன் தலை ஊர்வலம் கிளம்பியது. எல்லா ஆண்டும் இப்படிப் பொருந்தி வராது. 2024இல் குடியாத்தம் முந்திக்கொண்டது. நாட்காட்டியைப் பார்த்து, எது முன்னால் வருகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.