உழைச்செல்வான்: இளையோர் என்புப் புற்றுநோயும் நம் கடமையும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை யாம் உயர்தர வகுப்பிற் பன்முறை கற்பித்துள்ளோம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அவை. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பது. உழை என்பது பக்கம். பக்கத்தே நிற்பவன் என்பது பொருள். பரீட்சைக்கு வேண்டிய அளவிற் பொருள் கூறி யாம் அப்பாற் சென்றுவிடுவது வழக்கம். அச்சொல்லின் முழுப்பொருளையும் எமக்கு உணர்த்தியவர், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவரே.

அவருக்கு அப்பொழுது வயது பதினெட்டு. உதைபந்தாட்டத்தில் வல்லவர். ஒருநாள், முழங்காலுக்கு மேலே நோவு என்றும், இரவில் உறங்க முடியவில்லை என்றும் எம்மிடம் கூறினார். "விளையாட்டிலே பட்ட அடிதானே தம்பி, எண்ணெய் பூசி உருவிவிடச் சொல்லு" என்றோம். தாயார் எண்ணெய் பூசினார். முறிவு கட்டுபவர் ஒருவர் கட்டும் போட்டார். மூன்று திங்கள் கழிந்தபின்னரே எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. வந்தது அடியன்று, என்புப் புற்றுநோய். அத்தாமதத்தில் எமக்கும் பங்குண்டு. இக்கட்டுரையை யாம் எழுதப் புகுந்ததற்கு அதுவே காரணம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். என்பிலே தோன்றும் புற்றுநோய்களுள் இளையோரை மிகுதியும் பற்றுவது ஒஸ்ரியோசர்க்கோமா என்பதாம். என்பு விரைந்து வளரும் பருவத்திலேயே இது பெரும்பாலும் தோன்றும். முழங்காலின் மேலும் கீழும் உள்ள என்புமுனைகளும் தோளை அடுத்த கையென்பும் இதற்குரிய இடங்கள். வாரக்கணக்கில் நீங்காத நோவு, இரவில் எழுப்பும் நோவு, வீக்கம், நொண்டுதல், சிறு தடுக்கலிலேயே என்பு முறிதல் ஆகியவை அறிகுறிகள். அடிபட்ட நோவு நாளடைவிற் குறையும். இந்நோவோ நாளுக்கு நாள் மிகும். இவ்வேறுபாட்டை ஆசிரியரும் பெற்றோரும் மனங்கொள்க. வீங்கிய இடத்தை உருவுதல் தீங்கு தரும்; காலத்தை வீணாக்குதல் அதனினும் பெருந்தீங்கு. இந்நோய் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. முன்வினை என்றும் கண்ணூறு என்றும் கூறிக் குடும்பத்தை ஒதுக்குதல் அறியாமையாகும்.

இனி மருந்து. சத்திரசிகிச்சை ஒன்றையே நம்பிய காலத்தில் இந்நோயாளருள் நூற்றுக்கு 20 பேர் பிழைப்பதே அரிது. 1970களில் மருந்துச் சிகிச்சை உடன்சேர்ந்த பின்னர் நிலை மாறிற்று. நோய் வேறிடம் பரவுமுன் முறையான சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் வரை ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். நுரையீரலுக்குப் பரவியபின் அவ்வெண் வெகுவாகக் குறைந்துவிடும். சிகிச்சையின் ஒழுங்கு யாதெனில், ஏறத்தாழப் பத்து வாரம் மருந்தேற்றல், பின்னர்ச் சத்திரசிகிச்சை, அதன்பின் மீண்டும் மருந்தேற்றல் என்பதாம். அனைத்தும் முடிய எட்டு ஒன்பது திங்கள் செல்லும். சிலருக்கு நோயுற்ற என்பை மாத்திரம் நீக்கிச் செயற்கை என்பு பொருத்தலாம். சிலருக்கு உறுப்பையே நீக்க நேரும். எம் மாணவர் இரண்டாம் வகையினர்.

நோயுற்றவனுக்கு வேண்டியவையெனப் பரிமேலழகர் உரைப்பவற்றுள் தன் நோய்நிலையை உணர்த்தலும் ஒன்று. தன் நோய் யாதென்றே அறியாதவன் அதனை எவ்வாறு உணர்த்துவான்? நம்மவரோ அன்பின் மிகுதியால் பிள்ளைக்கு உண்மையை மறைப்பர். எம் மாணவருடைய தந்தையாரும் அவ்வாறே செய்தார். பிள்ளையோ வைத்தியசாலைச் சுவரிலிருந்த எழுத்துக்களைப் படித்தே யாவும் அறிந்துகொண்டார். பின்னர் எம்மிடம், "சேர், எல்லாரும் சேர்ந்து பொய் சொல்லும்போதுதான் பயமாக இருந்தது" என்றார். பதினெட்டு வயதினன் குழந்தையல்லன். மருந்தின் விளைவுகளையும், காலை நீக்குவதன் காரணத்தையும், மருந்து தொடங்குமுன் வருங்கால மகப்பேறு பற்றி வினவவேண்டியவற்றையும் வைத்தியர் அவனுடனேயே பேசுதல் முறை.

உழைச்செல்வானுக்கு அன்பு, தூய்மை, சொன்னதைச் செய்துமுடிக்கும் வன்மை, அறிவு என்னும் நான்கும் வேண்டும் என்பர் உரையாசிரியர். இவை லயத்து அறையில் எவ்வாறு செயலாகும்? மருந்தேற்றி ஒரு கிழமை முதல் இரு கிழமை வரையுள்ள நாள்களில் குருதியிலுள்ள வெண்கலங்கள் குறைந்து, உடல் நோயெதிர்க்கும் வலிமையை இழக்கும். அந்நாள்களில் 38 பாகை செல்சியசு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. பரசிற்றமோல் கொடுத்துக் காய்ச்சலை அடக்கிவைத்தலும் ஆகாது. உடனே அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, புற்றுநோய் மருந்து பெறுபவர் என முதலிலேயே கூறிக் குறிப்பேட்டைக் காட்டுதல் வேண்டும். ஆதலின் வீட்டில் வெப்பமானி ஒன்றும், இரவில் அழைத்தால் வரக்கூடிய வாகனமொன்றின் தொலைபேசி எண்ணும் இருத்தல் இன்றியமையாதது. கொதித்தாறிய நீர், அன்றாடம் சமைத்த உணவு, கைகழுவுதல், வாய்ப்புண்ணுக்கு மென்மையான ஆகாரம் ஆகியனவே தூய்மையும் அறிவும் ஆம். கால் நீங்கியபின் அவ்விடத்தே இல்லாத கால் நோகின்றது என்று பிள்ளை கூறின், அதனைப் பித்தென்று எண்ணற்க. அது மெய்யான நோவு, அதற்கும் மருந்துண்டு.

நிற்க. நோயுற்றவனுக்கு வேண்டியவற்றுள் முதலாவதாக உரையாசிரியர் கூறுவது பொருளுடைமை. ஈண்டுத்தான் எம் உள்ளம் தயங்குகின்றது. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. பதுளைப் போதனா வைத்தியசாலையிற் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மகரகம அபேக்ஷா வைத்தியசாலை இத்துறையில் நாட்டின் தலைமையானது. ஆயினும் பதுளையிலிருந்து கொழும்பு 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. கொழுந்து பறிக்கும் தாய் மகனுடன் சென்ற நாளெல்லாம் அவளுக்குப் பேரில்லை, சம்பளமுமில்லை. வண்டிச்செலவு, தங்குமிடம், வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளின் உணவு ஆகியவற்றை எண்ணியே பலர் இடையிற் சிகிச்சையைக் கைவிடுகின்றனர். இடையில் விட்ட மருந்து பயன் தராது. அன்றியும், மூத்தவனையே யாவரும் நோக்கியிருக்க, இளையவர்கள் வாய்திறவாது வாடுவர். எம் மாணவரின் தங்கை இரு திங்கள் பாடசாலைக்கு வராததை யாம் பிந்தியே அறிந்தோம்.

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? கனடா நாட்டு இளைஞர் டெரி பொக்ஸ் என்பார் 1977இல், பதினெட்டாம் வயதில், இதே நோயால் வலக்காலை இழந்தார். சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவில் அவருடைய பள்ளிக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் சஞ்சிகையொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலுடன் நியூயோர்க் மரதன் ஓட்டத்தை ஓடி முடித்த ஒருவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. அக்கட்டுரை விதையாயிற்று. 1980 ஏப்ரல் 12இல் ஓடத் தொடங்கிய பொக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டியவாறு 143 நாள்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலிற் பரவவே ஓட்டம் நின்றது. 1981 யூன் 28இல், 22 வயதில், அவர் மறைந்தார். எல்லாரும் அவ்வாறு ஓடவேண்டும் என்பது எம் கருத்தன்று. அவ்விரவிற் பயிற்றுநர் வெறுங்கையராய்ச் செல்லவில்லை. 'நாளையும் உனக்கு ஒரு வாழ்வு உண்டு' என்பதற்குச் சான்றொன்றைக் கொண்டு சென்றார் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

யாம் கொண்டுசென்றவை பாடக்குறிப்புக்களே. வகுப்புத் தோழர் முறைவைத்து அவற்றை எழுதினர். மருந்து ஏறிய நாள்களில் அவர் படிக்கவில்லை; பிற நாள்களிற் படித்தார். ஓராண்டு பிந்தி உயர்தரப் பரீட்சை எழுதினார். ஜெய்ப்பூர்க் காலுடன் முதல்நாள் கல்லூரிப் படியேறியபோது தோழர் இருவர் கைகொடுக்க முன்வந்தனர். "வேண்டாம், பக்கத்திலே மட்டும் வாங்கடா" என்றார் அவர். உழைச்செல்வான் என்னும் சொல்லுக்கு அதனினும் சிறந்த உரையை யாம் கேட்டதில்லை.

கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்களுட் பலர் கொழும்பிலும் மகரகமவை அண்மிய ஊர்களிலும் வாழ்கின்றீர்கள். ஊவாத் தோட்டங்களிலிருந்து வரும் ஒரு தாய்க்கும் மகனுக்கும் ஓரிரவு தங்க ஓர் அறை, கிளினிக்கிற் சிங்களத்தில் எடுத்துரைக்க ஒரு துணை, சம்பளமற்ற நாள்களுக்கு ஒரு சிறு தொகை ஆகிய மூன்றையும் ஒழுங்குசெய்தால், உரையாசிரியர் கூறிய பொருளுடைமை அவர்களுக்கும் வாய்க்கும். மாணவர்காள், தோழனின் நோவை அற்பமென எண்ணற்க. ஆசிரியப் பெருமக்களே, அடுத்தமுறை ஒரு பிள்ளை இரவில் நோகின்றது என்றால், எண்ணெயை அன்று, வைத்தியசாலையைக் காட்டுவோமாக.