சீனச் சந்தை: பஜார் பேச்சும் நடப்பும்

ஆறுமுகநேரிக்குச் சீனா அப்படியொன்றும் தூரத்து நாடு அல்ல. பக்கத்து ஊரான காயல்பட்டினத்தார் பலர் ஹாங்காங்கிலும் குவாங்சோவிலும் தொழில் செய்கிறார்கள். அதனால் பஜாரில் சீனா பற்றிய பேச்சு வந்தால் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வோம். அடிக்கடி காதில் விழும் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: சீனாக்காரன் வெளிநாட்டு பிராண்டைத் தொடவே மாட்டான்.

உண்மை: ஹாங்காங், தைவானையும் சேர்த்துச் சீனப் பகுதியில் ஆப்பிள் 2024 நிதியாண்டில் பார்த்த வருமானம் ஏறத்தாழ 6,700 கோடி டாலர். 2022இல் அது 7,400 கோடி. அமெரிக்கத் தடையில் முடங்கியிருந்த சீன நிறுவனமான ஹுவாவே, 2023 ஆகஸ்டில் மேட் 60 போனுடன் திரும்பிவந்து போட்டியைக் கடுமையாக்கியது. சரிவு உண்டு, துடைத்தெறியப்படவில்லை. அங்குள்ளவர்களின் தேவைக்கு ஆப்பிள் இறங்கி வந்ததும் ஒரு காரணம். ஹாங்காங்கிலிருந்து யாராவது புது ஐபோன் கொண்டுவந்தால் சிம் தட்டை இழுத்துப் பாருங்கள்: பெரும்பாலான மாடல்களில் முன்பக்கம் ஒரு சிம், பின்பக்கம் ஒரு சிம். நம் கடைகளில் விற்கும் ஐபோனில் அந்த வசதி கிடையாது.

நம்பிக்கை: வெளிநாட்டுக் கம்பெனிகளை விரட்டியது அரசின் தடைதான்.

உண்மை: இணைய சேவைகளுக்கு இது பொருந்தும். ஃபேஸ்புக் 2009இல் முடக்கப்பட்டது. தணிக்கைக்கு உடன்படாமல் கூகுள் 2010இல் தன் தேடல் சேவையை ஹாங்காங்குக்கு மாற்றியது. ஆனால் சாம்சங்கை யாரும் தடை செய்யவில்லையே! 2013இல் சீனாவில் விற்ற ஸ்மார்ட்போன்களில் ஐந்தில் ஒன்று சாம்சங். 2019இல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சீனாவின் ஹுய்சோ நகரில் இருந்த சாம்சங் போன் தொழிற்சாலையையும் அந்த ஆண்டே மூடினார்கள். சீன பிராண்டுகளான ஷாவ்மி, ஓப்போ, விவோ எல்லாம் குறைந்த விலையில் அதே வசதிகளைக் கொடுத்தன. ஓப்போவும் விவோவும் சிற்றூர் வரை கடை விரித்தன. ஏவுகணைத் தடுப்புத் தளம் தொடர்பாக, சாம்சங்கின் தாய்நாடான தென்கொரியாவோடு சீனாவுக்கு மூண்ட பகையும் சேர்ந்துகொண்டது.

இவற்றைவிட நம்பிக்கை போனதுதான் பெரிய அடி என்பது என் கருத்து. 2016 செப்டம்பரில், தீப்பிடித்த நோட் 7 போன்களை உலகெங்கும் திரும்பப் பெற்ற சாம்சங், சீனாவில் விற்றவற்றில் இருப்பது வேறு பேட்டரி என்று சொல்லி அந்நாட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அங்கும் போன்கள் எரிந்த செய்தி வந்த பிறகு, அக்டோபரில்தான் சுமார் 1,90,000 போன்களைத் திரும்பப் பெற்றது. காசு கொடுத்து வாங்கியவனை இளக்காரமாக நடத்தினால் எந்த ஊரிலும் மன்னிக்கமாட்டார்கள்.

நம்பிக்கை: சீனாவில் ஐபோன் விற்பனை படுத்தால் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் நம் பிள்ளைகளின் வேலை போய்விடும்.

உண்மை: சீனர்கள் வாங்கும் ஐபோன்கள் பெரும்பாலும் செங்சோ போன்ற சீன நகரங்களிலேயே தயாராகின்றன. நம்மூர்ப் பெண்கள் விடுதியில் தங்கி, ஷிப்ட் பார்த்துச் செய்யும் போன்கள் பெருமளவில் அமெரிக்காவுக்குப் போகின்றன. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் பாதிக்கு மேல் இந்தியாவிலிருந்து வந்தவை என்று ஆப்பிள் தலைமைச் செயல் அதிகாரியாக டிம் குக்கே அறிவித்தார்.

ஆகவே, பிள்ளையை அங்கே வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் சீன விற்பனைச் செய்தியைக் கேட்டுக் கலங்க வேண்டாம். அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு விதிக்கும் வரியில் ஒரு கண் வைத்திருங்கள்.