மூன்று மணி ஆராதனை

அன்பு மகளுக்கு,

ஞாயிறு ஆராதனைக்குப் போவதை நீ நிறுத்திவிட்டாய் என்று அம்மா போனில் அழுதாள். உன்னோடு வாதாட நான் எழுதவில்லை. ஒரு படம் பார்க்கச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1963இல் வெளிவந்த, இங்மார் பெர்க்மன் எடுத்த ‘விண்டர் லைட்’. சுவீடன் மொழியில் அதன் பெயருக்கு ‘நற்கருணை பெறுவோர்’ என்று பொருள். நம் தரங்கை லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயர்கள் அந்த நாட்டவர்கள்தாம். படத்தில் வரும் பீடமும் அப்பமும் கிண்ணமும் உனக்கு அந்நியமாக இராது.

நவம்பர் மாதத்து ஞாயிறு, நண்பகலிலிருந்து மூன்று மணி வரை நடப்பதே கதை. மனைவியை இழந்த போதகர் தோமாஸ் ஐயரிடம் யோனாஸ் என்ற மீனவன் வருகிறான். சீனா அணுகுண்டு செய்துவிடும் என்ற பயம் அவனை அரித்துக்கொண்டிருக்கிறது. ஐயரோ அவன் பேச்சைக் காதில் வாங்காமல், தன் சந்தேகத்தையெல்லாம் அவன் தலையில் கொட்டுகிறார். அவன் எழுந்து போய் ஆற்றங்கரையில் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். கருவுற்றிருக்கும் அவன் மனைவியிடம் அதைச் சொல்ல ஐயரேதான் போகவேண்டியிருக்கிறது.

அவர் விசுவாசம் இழந்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆறுதல் கேட்டு வந்தவனிடம் போய் அதை இறக்கிவைத்தாரே, அதுதான் தாங்கவில்லை. நானும் அதைச் செய்தவன். உன் அப்பாயி படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதத்தில், கட்டிலருகே உட்கார்ந்து கடவுள் இல்லையென்று அவளிடம் வாதாடினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முடிவுக்குச் சற்று முன் கூன் விழுந்த கோயில்பிள்ளை அல்கோத் பேசுவதைக் கவனி. வலியோடே வாழ்பவர். கிறிஸ்துவின் பாடுகளில் உடல் வேதனை பெரிதல்ல, கெத்செமனேயில் சீஷர்கள் உறங்கிவிட்டதும் சிலுவையில் பிதா பேசாதிருந்ததும்தான் கொடிது என்கிறார். மேடையில் நின்று யாரும் இப்படி ஒரு பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு அடுத்த ஊர்க் கோயிலில் மணி அடிக்கிறது. ஐயரை நேசிக்கும், ஆனால் கடவுளை நம்பாத ஆசிரியை மெர்த்தாவைத் தவிர சபையார் யாரும் வரவில்லை. இருந்தும் ஆராதனை தொடங்குகிறது. இந்த முடிவு பெர்க்மனுக்குத் தன் தகப்பனாரிடமிருந்து கிடைத்தது. அவரும் ஐயர். மகனோடு கிராமக் கோயில்களைப் பார்க்கப் போன இடத்தில், உடம்பு சரியில்லாத போதகர் நற்கருணை இல்லாமலே ஆராதனையை முடிக்கப்போவதாகச் சொல்ல, கிழவர் எழுந்து உள்ளே போய்த் தானே அதை நடத்தினாராம்.

கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம். அவள் கையைப் பிடித்துக் கோயில் படி ஏற்றிவிடு. உள்ளே போக மனமில்லையென்றால் வேப்பமரத்தடிக்கு வா. நான் அங்கேதான் நிற்பேன்.

அன்புடன்,
பெரியப்பா